பழைய ஸ்கூட்டருக்கு மாற்று எது? வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா சாலை வரை ஒரு புகைக்கணக்கு

வில்லிவாக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு அண்ணா சாலையில் வேலை. மனைவிக்கு அயனாவரம் பக்கம் வேலை. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டருக்குள். வீட்டிலிருக்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 15 ஆண்டுப் பதிவு முடியப்போகிறது. பதிவை இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்து அதையே ஓட்டலாம், புதிதாக இன்னொரு பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கலாம், மின்சார ஸ்கூட்டருக்கு மாறலாம், சைக்கிளோ மின்சைக்கிளோ வாங்கலாம், எதையும் வாங்காமல் பேருந்தையும் ரயிலையும் நம்பலாம். பணம், நேரம், சௌகரியம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இத்தகைய முடிவுகள் வழக்கமாக எடுக்கப்படுகின்றன. காலநிலை மாற்றத்தையும் நான்காவது அளவுகோலாகச் சேர்த்தால் விடை எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்போது ஓடும் வண்டியின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நகர நெரிசலில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர், ஆகவே, கிலோமீட்டருக்கு 50 கிராம் அளவில் உமிழ்கிறது. வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா சாலைக்குச் சுமார் 10 கிலோமீட்டர் என்றும், ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றும் கொண்டால், போக வர 5,000 கிலோமீட்டருக்கு 250 கிலோ ஆகிறது. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 42 கிலோ கரியமில வாயு உண்டாகும் என்பதால், அலுவலகப் பயணம் மட்டுமே ஆண்டுக்கு ஆறு சிலிண்டர் எரிப்பதற்குச் சமம். பின்னால் ஒருவர் உட்கார்ந்து வந்தால் ஆளுக்கு இது பாதியாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைக்கிளின் நன்மையைப் பேசும் மேலைநாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு காரை ஓரங்கட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறும் மனிதரையே மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 150 கிராம் உமிழ்வதால், அதை விட்டு இறங்குபவர் சேமிப்பதும் அதிகம். சென்னையில் சைக்கிளோ மின்சார ஸ்கூட்டரோ வாங்குபவர் அநேகமாக விட்டுவிடப்போவது காரை அன்று. ஏற்கெனவே குறைவாகப் புகைக்கும் ஒரு ஸ்கூட்டரை, அல்லது அதைவிடவும் குறைவான ஒரு பேருந்துப் பயணத்தை. எனவே எந்த வண்டி பசுமையானது என்ற கேள்வியைத் தனியாகக் கேட்டுப் பயனில்லை. அது எந்தப் பயணத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது என்பதும், நாளைக்கு அந்தக் குடும்பம் காருக்குத் தாவுவதை அது தடுக்கிறதா என்பதுமே கணக்கைத் தீர்மானிக்கின்றன. மழையில் நனைந்து, கூட்டத்தில் நசுங்கி, வெறுத்துப்போய் ஒரு குடும்பம் கடனில் கார் வாங்கிவிட்டால், அதற்கு முன் சிறுகச் சிறுகச் சேமித்த புகையெல்லாம் இரண்டே ஆண்டில் கரைந்துவிடும். சௌகரியத்தையும் காலநிலைக் கணக்குக்குள் கொண்டுவந்து வைப்பதற்குக் காரணம் அதுதான்.

மின்சார ஸ்கூட்டரை முதலில் பார்க்கலாம், ஏனெனில் இன்று பலரும் யோசிக்காமல் கை காட்டும் விடை அதுவே. நகர ஓட்டத்தில் அது கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி அளவு மின்சாரம் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 35 வாட்-மணி. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் (1,000 வாட்-மணி) மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு ஆகிறது. நிலக்கரியின் பங்கு இன்னும் அவ்வளவு பெரியது. பெருக்கிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 25 கிராம், அதாவது பெட்ரோல் ஸ்கூட்டரில் பாதி. பாதி என்பது சிறியதன்று. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் பூஜ்யமும் அன்று. அண்ணா சாலையில் வராத புகையில் ஒரு பகுதி அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி வழியாக வருகிறது. கொசஸ்தலை ஆற்றங்கரையில் சாம்பலோடு வாழ்கிறவர்களின் மூச்சில் அது போய்ச் சேருகிறது. தமிழ்நாட்டில்தான் காற்றாலைகள் நிறைய இருக்கின்றனவே, ஆடிக் காற்றில் முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் சுழலும்போது நம் வண்டியும் தூய்மையாகிவிடாதா என்று கேட்கலாம். 2013 டிசம்பர் இறுதியில் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்ட பிறகு, இங்கே காற்றில் விளையும் மின்சாரத்துக்கு நாடு முழுவதும் கொள்வார் உண்டு. இரவு பதினொரு மணிக்கு நாம் கூடுதலாக ஒரு யூனிட் எடுத்தால், அதைக் கொடுக்கக் கூடுதலாக இயங்குவது பெரும்பாலும் ஒரு நிலக்கரி உலையாகவே இருக்கும். நண்பகலில், சூரிய மின்சாரம் பெருகி நிற்கும் நேரத்தில், அலுவலகத்தில் சார்ஜ் போட வாய்ப்பிருந்தால் நிலைமை கணிசமாக மாறும். பணியிடத்தில் ஒரு பிளக் பாயின்ட் கேட்டு வாங்குவது, எந்த நிறுவனத்தின் வண்டி என்று மாதக்கணக்கில் ஆராய்வதைவிடப் பயனுள்ள வேலை.

மின்கலத்தைச் செய்வதற்கே செலவாகும் புகையும் உண்டு. ஒரு கிலோவாட்-மணி மின்கலத்தைத் தயாரிக்க 60 முதல் 100 கிலோ வரை என்று கொண்டால், 3 கிலோவாட்-மணி மின்கலத்துக்கு 180 முதல் 300 கிலோ ஆகிறது. நம் குடும்பத்தின் அலுவலகப் பயணத்தில் மின்சார ஸ்கூட்டர் ஆண்டுக்குச் சேமிப்பது 125 கிலோ. ஆகவே முதல் இரண்டு ஆண்டுச் சேமிப்பு அந்தக் கடனை அடைக்கவே போய்விடும். எட்டு, பத்து ஆண்டு வைத்து ஓட்டுகிறவருக்கு இது நல்ல பேரம். நான்கு ஆண்டில் அலுத்துப்போய்ப் புது மாடலுக்கு மாறுகிறவருக்குக் காலநிலையின் பெயரைச் சொல்ல அவ்வளவு உரிமை கிடையாது.

பணக்கணக்கில் அதற்கு இணையில்லை என்பதை மறுக்க முடியாது. லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு ஆகிற இடத்தில், யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் மின்சாரத்தில் 30 காசுக்குள் முடிந்துவிடுகிறது. ஆபத்தும் இந்த மலிவிலேயே ஒளிந்திருக்கிறது. ஓட்டுவதற்குச் செலவே இல்லை என்று தோன்றும்போது, தெருமுனைக் கடைக்கு நடந்தவர்கள் வண்டியை எடுக்கிறார்கள்; பேருந்தில் போய்வந்த மனைவி அதை விட்டுவிடுகிறார். பேருந்துப் பயணத்தின் இடத்தில் வந்து உட்காரும் மின்சார ஸ்கூட்டர் புகையைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது. சாலையில் அது அடைக்கும் இடமும் பெட்ரோல் ஸ்கூட்டர் அடைக்கும் அதே இடம்தான். விபத்து அபாயமும் அப்படியே நிற்கிறது: 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 45 விழுக்காட்டுக்கு நெருக்கமானவர்கள் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கீழ்த்தளத்தில் சார்ஜ் போட இணைப்பு வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தவர்களுக்கு, மின்கலத்தைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் செல்லக்கூடிய வண்டியின் அருமை தெரியும்.

பேருந்தும் ரயிலும் கணக்கில் வேறு உயரத்தில் நிற்கின்றன. டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ உமிழ்வு. நகரப் பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 670 கிராம் அளவில் வரும். அதில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 17 கிராம். காலை ஒன்பது மணிக்குக் கொன்னூர் நெடுஞ்சாலையில் வரும் பேருந்தைப் போல 60 பேர் இருந்தால் 11 கிராம். பழைய டீசல் பேருந்தே புதிய மின்சார ஸ்கூட்டரைத் தோற்கடிக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இதுவும் சராசரிக் கணக்குதான். நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தப் பேருந்து போகப்போகிறது; நம் ஒருவரால் கூடுதலாகும் புகை ஏறத்தாழ இல்லை. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதில், வடசென்னையின் சில தடங்களில் இந்தக் கணக்கு இன்னும் இறங்கியிருக்கிறது.

வில்லிவாக்கத்துக்காரருக்கு இதைவிடவும் நல்ல வழி கையருகே இருக்கிறது. அரக்கோணம் தடத்துப் புறநகர் ரயிலில் ஏறினால் பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் கடந்து மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கலாம். அங்கிருந்து சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு என்று அண்ணா சாலையின் கீழேயே போய் இறங்கலாம். இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் புறநகர் ரயிலில் ஆளுக்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். கட்டணமும் பெரிய சுமையன்று: புறநகர் ரயிலின் மாத சீசன் டிக்கெட் இந்த நகரத்தில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் ஒன்று, மெட்ரோவில் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குள், மாநகரப் பேருந்தில் ஏ.சி. அல்லாத வண்டிகளில் மாதம் முழுவதும் விருப்பம்போல் பயணிக்க 1,000 ரூபாய் பாஸ் உண்டு. மனைவியின் கணக்கில் இதுவும் இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பெண்கள் கையிலேயே நிறுத்தும் நலத்திட்டமாகவே அது பெரும்பாலும் பேசப்படுகிறது. வாங்கப்படாமல் போன ஸ்கூட்டர்களை யாரும் எண்ணுவதில்லை என்பதால், அதைக் காலநிலைத் திட்டம் என்று யாரும் அழைப்பதும் இல்லை.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நிலையம், நிலையத்தில் காத்திருப்பு, சென்ட்ரலில் ஒரு மாற்றம், இறங்கிய பின் ஒரு நடை என்று கூட்டினால், ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரத்தில் முடிவது ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிடும். நெரிசல் நேரத்தில் உட்கார இடம் எதிர்பார்ப்பது வீண். இரவுப் பணி முடிந்து வருபவருக்கும், கைக்குழந்தையோடு மருத்துவமனைக்குப் போகிறவருக்கும் பேருந்துக்குக் காத்திருங்கள் என்று அறிவுரை சொல்வது மனிதத்தன்மையன்று. அந்த நாள்களுக்கு ஆட்டோ இருக்கிறது. ஆண்டில் சில நாள் ஆட்டோவுக்குக் கொடுப்பதை வீண் செலவாகவும், நாள் முழுவதும் வாசலில் நிற்கும் வண்டிக்கு மாதத் தவணை கட்டுவதைச் சேமிப்பாகவும் பார்க்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

சைக்கிளின் கணக்கு எளியது. ஓடும்போது புகையில்லை, இரும்பை உருக்கிச் செய்ததற்கான பங்கைப் பிரித்துப் போட்டால் கிலோமீட்டருக்கு 5 கிராம் அளவில் வரும். மிதிப்பவர் கூடுதலாகச் சாப்பிடுவாரே என்று வாதிடுவோரும் உண்டு. வாதம் முற்றிலும் பொய்யன்று: கிலோமீட்டருக்கு 25 கலோரி கூடுதலாகத் தேவை என்றால் அது 7 கிராம் அரிசி, நெல்வயலில் எழும் மீத்தேனையும் சேர்த்துக் கணக்கிட்டால், காகிதத்தில் அது மின்சார ஸ்கூட்டரின் 25 கிராமுக்கு அருகிலேயே வந்து நிற்கும். ஆனால் பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து, தின்றது செரிக்க மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகிற ஒருவர் சைக்கிளில் போவதற்காக இன்னொரு இட்லி வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. உடலுழைப்பில் வாழ்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். அவரோ வேறு வழியில்லாமல் ஏற்கெனவே சைக்கிளில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

சென்னை மேடு பள்ளமற்ற ஊர். மேம்பாலங்களைத் தவிர்த்தால் மூச்சு வாங்க ஏற்றமே இல்லை. அந்த வகையில் சைக்கிளுக்கு இவ்வளவு ஏற்ற நகரம் கிடைப்பது அரிது. வெயிலும் புழுக்கமும்தான் எதிரிகள். காலை எட்டரை மணிக்கு 10 கிலோமீட்டர் மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் அண்ணா சாலையை அடையலாம். சட்டை மாற்றவும் முகம் கழுவவும் அங்கே இடமிருக்க வேண்டும். கத்திரி வெயில் நாள்களில் அதுவும் போதாது. அதைவிடப் பெரிய தடை, சாலையில் சைக்கிளுக்கென்று இடம் இல்லாதது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. பாண்டி பஜாரில் 2019இல் நடப்போருக்குக் கிடைத்த அகலத்தைப் பார்த்தால், மனம் வைத்தால் முடியும் என்பது விளங்கும். கொன்னூர் நெடுஞ்சாலையில் மிதிப்பவருக்கோ, இடப்பக்கம் நிறுத்திவைத்த வண்டிகளுக்கும் வலப்பக்கம் உரசிவரும் பேருந்துக்கும் நடுவில் கிடைப்பது ஒரு முழ அகலம். இந்நிலையில் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் அனுப்பத் தயங்கும் தாயைக் குறை சொல்வது நியாயமாகாது.

மரியாதைக் கணக்கு என்று இன்னொன்றும் இருக்கிறது. சைக்கிளில் வரும் ஊழியரைப் பல அலுவலக வாசல்களில் காவலாளி தடுத்து நிறுத்துவார். கார் நிறுத்தக் கோடு போட்ட வளாகத்தில் சைக்கிளுக்கு ஒரு கம்பி இருக்காது. இத்தனைக்கும் சைக்கிளைக் கொண்டே சமூகத்தை அசைத்துக் காட்டிய மாநிலம் இது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெருந்திரளான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் அதில் இருந்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் விடுதலையாகவே அவர்கள் அதைக் கண்டார்கள். அதன் பிறகு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் திட்டமும் வந்து, இன்று ஏராளமான வீடுகளில் அரசு கொடுத்த சைக்கிள் ஒன்று மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. நம் குடும்பத்திலும் அப்படி ஒன்று இருந்தால், காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையை மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இந்த ஒப்பீட்டில் அதைவிட மலிவான தேர்வு கிடையாது.

மின்சைக்கிளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் இருந்தால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாது. கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி அளவே எடுப்பதால் உமிழ்வு 7 கிராமுக்குள் அடங்கும். மின்கலம் சிறியது என்பதால் அதன் தயாரிப்புக் கடனும் சிறியது. கழற்றி மாடிக்கு எடுத்துப்போகலாம். 10 கிலோமீட்டரை வேர்க்காமல் கடக்க உதவும் என்பதால் ஸ்கூட்டருக்கு நேர் மாற்று இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் விலை 25,000 ரூபாயிலிருந்து தொடங்கி மேலே போகிறது. பழுது பார்க்கத் தெரிந்த கடைகள் குறைவு. சாலையின் ஆபத்து சாதாரணச் சைக்கிளுக்கு உள்ளதேதான். உள் தெருக்கள் வழியாக முழு வழியும் போக முடிகிறவர்கள் மட்டும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு, நம் குடும்பத்துக்கு ஒரே வண்டியைத் தேடுவதே தவறான தொடக்கம் என்பது. அண்ணா சாலைப் பயணத்துக்கு ரயிலும் மெட்ரோவும், வீட்டிலிருந்து வில்லிவாக்கம் நிலையத்துக்கும், மூன்று கிலோமீட்டருக்குட்பட்ட கடை, கோவில், பள்ளி வேலைகளுக்கும் சைக்கிள், அயனாவரத்துக்குப் பேருந்து. இந்த ஏற்பாட்டில் 250 கிலோவாக இருந்த அலுவலகப் பயணத்தின் உமிழ்வு 50 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். மின்சார ஸ்கூட்டருக்கு மாறினால் 125 கிலோவில் நின்றிருக்கும். இரவுப் பணி உண்டு என்றால், கணவன் மனைவி இருவரும் ஒரே திசையில் ஒரே வண்டியில் போகிறார்கள் என்றால், அல்லது அடுத்த ஆண்டு கார் வாங்கிவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டது என்றால், மின்சார ஸ்கூட்டர்தான் சரி. அங்கே அது தடுப்பது 150 கிராம் காரை. புதிய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இந்த ஒப்பீட்டில் எந்த இடத்திலும் நியாயம் கிடைக்கவில்லை. பழைய ஸ்கூட்டருக்கோ கொஞ்சம் கிடைக்கிறது: பதிவைப் புதுப்பித்து, மாதம் நான்கைந்து முறை மட்டும் எடுப்பதானால், புதிதாக எதையும் உற்பத்தி செய்ய வைக்காத அந்த வண்டி எவ்வளவோ மேல்.

வாங்குவதென்றே இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். சோதித்துப் பார்க்க ஏற்ற காலம் ஐப்பசியும் கார்த்திகையும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, பேருந்துகள் சுற்றிப்போகும் அந்த இரண்டு மாதங்களில் ரயிலையும் சைக்கிளையும் வைத்துச் சமாளிக்க முடிந்தால், மற்றப் பத்து மாதங்களும் சமாளிக்கக்கூடியவையே. எந்தெந்த நாளில் சொந்த வண்டி இல்லாமல் உண்மையாகவே தவிக்க நேர்ந்தது, அன்று ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு தாளில் குறித்துவரலாம். 1,20,000 ரூபாய் மின்சார ஸ்கூட்டரை மூன்று ஆண்டுக் கடனில் எடுத்தால் மாதத் தவணை 4,000 ரூபாய் அளவில் வரும். மார்கழி பிறந்ததும் அந்தத் தாளில் உள்ள தொகையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம்.